சாய்ந்த கோபுரமும் சாத்தே குச்சி ஓட்டையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானில் எனக்கு ஒரு சின்னக் கடை. நகல் எடுப்பது, லேமினேட் போடுவது, பாஸ்போர்ட் அளவுப் படம், பள்ளிப் பிள்ளைகளின் ஃபைலுக்குச் சுருள் கட்டுவது, இவ்வளவுதான். கடை அஞ்சடியில் (கடை முன்னால் உள்ள நடைபாதை) வந்து நின்று தலையைத் திருப்பினால் சாய்ந்த கோபுரத்தின் கடிகாரம் தெரியும். அதைப் பார்த்துத்தான் கடை சாத்துகிறேன். ஆனால் போன தீபாவளி வரைக்கும் அதை ஒரு படம்கூட எடுத்ததில்லை. வெளியூர்க்காரர்கள் கையை நீட்டி முட்டுக் கொடுப்பதுபோல் நின்று எடுக்கும் படத்தைத்தான் தினமும் பார்க்கிறோமே, அதற்குமேல் என்ன இருக்கிறது என்கிற அலட்சியம்.

ஷா ஆலாமிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன் மகள்தான் கிளப்பிவிட்டாள். மேசைக்கு அடியில் இருந்த ஒரு பழைய பெட்டியை இழுத்து, "என்னா சித்தப்பா இது, ஒரே குப்பை?" என்றாள். எல்லாம் ஒருமுறை எடுத்துவிட்டுத் தூக்கிப் போடும் கேமராக்களின் வெறும் கூடு. ஒரு காலத்தில் தோட்டத்து மண்டபக் கல்யாணங்களில் மேசைக்கு ஒன்று வைப்பார்கள். கூட்டத்தில் யார் கைக்குப் போகிறதோ அவர் எடுப்பார். பாதிப் படம் கட்டைவிரலாக இருக்கும். பிலிமைக் கழற்றிக் கழுவக் கொடுத்துவிட்டுக் கூட்டைப் பெட்டியில் போடுவேன். லங்காப், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டக் கல்யாணங்கள் எத்தனையோ அந்தப் பெட்டியில் கிடந்தன. அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது: ஒவ்வொரு கூட்டிலும் ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் சும்மா இருக்கிறது.

பொம்மை லென்ஸ் என்று கடையிலும் விற்கிறார்கள். 1982இல் ஹாங்காங்கில் வந்த ஹோல்கா கேமராவில் இருப்பது 60 மி.மீ. பிளாஸ்டிக் லென்ஸ்; அதே லென்ஸை இன்றைய கேமராவில் மாட்டும்படி தனியாகவும் விற்றார்கள். காசு இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது குப்பைப் பெட்டி வழி.

முதலில், ஃபிளாஷ் உள்ள கூட்டைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை மின்சாரம் தேங்கியிருக்கும். பேட்டரியை எடுத்துவிட்டாலும் அது உடனே போய்விடாது. ஒருமுறை பிலிம் சிக்கிய கூட்டை அவசரத்தில் பிளந்து விரலை வைத்தேன். தோள்பட்டை வரைக்கும் ஏறியது. கையிலிருந்த ஸ்குரூடிரைவர் எங்கே போய் விழுந்தது என்று அன்று சாயங்காலம்தான் கண்டுபிடித்தேன். ஃபிளாஷ் இல்லாத வெயில்நேர மாடலோ, குளம் குட்டையில் எடுக்கும் தண்ணீர் புகாத மாடலோ கிடைத்தால் அதைப் பிரியுங்கள். முன்பக்க மூடியை நெம்பினால், சட்டைப் பொத்தான் அளவில் லென்ஸ் கையோடு வந்துவிடும். ஒரு பக்கம் புடைத்தும் மறுபக்கம் குழிந்தும் இருக்கும். எந்தப் பக்கம் வெளியே பார்த்திருந்தது என்று கழற்றும்போதே பார்த்து வையுங்கள்.

மாட்டுவதற்கு மிரர்லெஸ் கேமராதான் (உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாதது) வேண்டும். காரணம் எளிது. இந்த லென்ஸின் குவியத் தூரம் ஏறக்குறைய 30 மி.மீ. தூரத்தில் உள்ள பொருள் தெளிவாக விழ, லென்ஸ் சென்சாரிலிருந்து (பிலிமுக்குப் பதில் படம் பதியும் தகடு) அந்த 30 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். பழைய நிக்கான் டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸ் மாட்டும் வளையமே சென்சாரிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி இருக்கிறது, கேனனில் 44. லென்ஸை உள்ளே அமுக்கித்தான் வைக்க முடியும், அங்கே அந்த முகக் கண்ணாடி வந்து இடிக்கும். சோனி மிரர்லெஸ்ஸில் அந்தத் தூரம் 18 மி.மீ. மட்டும். மீதி 12 மில்லிமீட்டருக்கு ஒரு குழல் செய்தால் போதும். என்னிடம் இருப்பது ஏ.பி.எஸ்.-சி சென்சார் உள்ள பழைய சோனி, இரண்டாம் கை.

குழலுக்கு நான் எடுத்தது கறுப்பு பிலிம் டப்பா. அடிப்பக்கத்திலிருந்து 15 மி.மீ. உயரத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் அடியில் நடுவில் ஒரு துளை. லென்ஸ் அங்கே உட்காரும். கேமராவின் வாயை மூடும் பிளாஸ்டிக் மூடி ஒன்று தனியாக வாங்கி, அதன் நடுவிலும் இரண்டு சென்டிமீட்டருக்குத் துளை போட வேண்டும். டப்பாவின் அறுத்த வாய் இதன்மேல்தான் உட்காரும். இதைக் கேமராவில் மாட்டிக்கொண்டு டிரில் பண்ணுகிற ஆள் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவரைக் கும்பிட வேண்டும். துளை போட்டதும் மூடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு நாள் காயவைத்து, பிறகுதான் கேமரா பக்கம் கொண்டுபோக வேண்டும். ஒரு பிளாஸ்டிக் துகள் சென்சாரில் ஒட்டினால் எல்லாப் படத்திலும் வானத்தில் ஈ உட்கார்ந்திருக்கும்.

லென்ஸை ஒட்ட சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி படிந்து லென்ஸ் வெள்ளை பூத்துப் போகும். என் முதல் லென்ஸ் அப்படித்தான் போனது. சூட்டுப் பசைத் துப்பாக்கியும் ஆகாது, பிளாஸ்டிக் நெளிந்துவிடும். கறுப்பு ஒயர் டேப்பே போதும்; நிரந்தரமாக வேண்டும் என்றால் இரண்டு குழாய் கலந்து பூசும் எப்பாக்சி.

அடுத்து வருவது சாத்தே குச்சி, இறைச்சியைக் கோத்துச் சுடுகிற குச்சி. லென்ஸுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை வழியாக மட்டும் வெளிச்சம் போனால்தான் படம் படமாக இருக்கும். கூட்டிலேயே அந்த ஓட்டை உண்டு. ஆனால் பல மாடல்களில் அது உடம்போடு சேர்ந்தது, லென்ஸோடு கழன்று வராது. நாமே செய்ய வேண்டியதுதான். 30 மி.மீ. லென்ஸுக்கு 3 மி.மீ. ஓட்டை வைத்தால் எஃப் 10 (30ஐ 3ஆல் வகுத்தது; எண் கூடினால் வெளிச்சம் குறையும்). கூடுகளில் இருப்பதும் ஏறக்குறைய அதே அளவு. கறுப்பு அட்டையில் மூங்கில் சாத்தே குச்சியின் கூரைக் குத்தி, தடித்த பாகம் வரும்வரை திருகினேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் சரியாக மூன்று. பிசிறைப் பிளேடால் வழித்துவிடுங்கள். இன்னொரு அட்டையில் ஆபீஸ் பஞ்சிங் மிஷினால் ஓர் ஓட்டை. அது 6 மி.மீ., அதாவது எஃப் 5. முதல் அட்டை பகலுக்கு, இரண்டாவது விளக்குப் போட்ட பிறகு. லென்ஸின் புடைத்த பக்கம் வெளியே, குழிந்த பக்கம் அட்டையைப் பார்த்தபடி. மாற்றி வைத்தாலும் படம் விழும், ஓரமெல்லாம் சுழித்துக்கொண்டு. அதுவும் ஒரு அழகு என்பாள் என் அண்ணன் மகள். எனக்குத் தலை சுற்றியது.

கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமலே ஷட்டர் இயங்க அனுமதி கொடுக்கும் வரி ஒன்று இருக்கும். அதைத் தேடிப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பொத்தான் அமுங்காது.

இப்போது தெளிவு பார்க்க வேண்டும். குழலை வேண்டுமென்றே 15 மி.மீ. வைத்தோம் இல்லையா, அதை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துக் குறைக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் உள்ளதுதான் தெளியும். கோபுரம் பஞ்சாகத்தான் விழும். நாலு தேய்ப்புக்கு ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அதற்குச் சாய்ந்த கோபுரத்தைவிடத் தோதான அளவுகோல் கிடையாது. வெளியிலிருந்து எட்டு அடுக்கு தெரிகிறதே (உள்ளே மூன்று மாடிதான்), அந்த எட்டுக் கூரை விளிம்பும் எட்டுக் கோடு கிழித்த தாள் மாதிரி. திரையைப் பெரிதாக்கி, எத்தனை விளிம்பு கூராகத் தெரிகிறது என்று எண்ணுங்கள். முதல் நாள் எனக்கு ஒன்றுகூட இல்லை. கடைசியில் சாத்தே குச்சி ஓட்டையில் நடு நாலு அடுக்கு நின்றது, பஞ்சிங் ஓட்டையில் இரண்டு. அதற்குமேல் இந்த லென்ஸிடம் கேட்கக்கூடாது.

ஏன் ஓரம் கலங்குகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். காலிக் கூட்டின் உள்ளே பாருங்கள்: பிலிம் படிந்து ஓடும் இடம் தட்டையாக இருக்காது, லேசாக வில் மாதிரி வளைந்திருக்கும். ஒற்றைத் துண்டு லென்ஸ் படத்தைக் கிண்ணம் போன்ற வளைவில்தான் போடுகிறது. அதற்காகத்தான் பிலிமையே வளைத்து வைத்தார்கள். நம் சென்சார் தட்டை. நடு பொருந்தினால் ஓரம் பொருந்தாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஓரத்தில் தூரப் பொருள்தான் கலங்கும், கிட்டத்துப் பொருள் ஓரளவு தெளியும். அஞ்சடி மேசையில் உட்கார்ந்து எடுத்த ஒரு படத்தில், மூலையில் இருந்த தே தாரிக் கிளாஸின் நுரை எண்ணுமளவு தெரிந்தது. அதற்குப் பின்னால் கடை வரிசை நனைந்த சாயம்.

சரி, கோபுரத்துக்கு வருவோம். முதல் நாள் காலை அவளே எடுத்தாள். திரையைப் பார்த்தவள் முகம் விழுந்துவிட்டது.

"சித்தப்பா, கோபுரம் சாயவே இல்லையே?"

உண்மைதான், நட்ட கம்பு மாதிரி நின்றது. அவள் நின்ற இடம் அப்படி. கோபுரம் நம்மை நோக்கியோ நமக்கு எதிர்த் திசையிலோ சாய்ந்திருந்தால் படத்தில் நேராகத்தான் தெரியும். பக்கவாட்டில் போனால்தான் சாய்வு முழுதாக விழும். எத்தனையோ வருடமாகப் பார்க்கிற எனக்கே அன்றுதான் இது மண்டையில் ஏறியது. ஆகவே கேமராவை எடுக்குமுன் சதுக்கத்தை ஒரு சுற்று நடந்து வாருங்கள். எங்கே நின்றால் அதிகம் சாய்கிறது, எங்கே நிமிர்கிறது என்று இரண்டு இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது அவளுக்குக் கதையும் சொன்னேன். 1885இல் லியோங் சூன் சொங் என்கிற சீனக் கட்டடக் குத்தகைக்காரர் கட்டியது. ஊருக்கு அப்போது தெலுக் அன்சன் என்று பெயர். 1982இல்தான் தெலுக் இந்தான் ஆனது. கோபுரம் மணிக்கூண்டு மட்டும் இல்லை, அந்தக் காலத்தில் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டியும் அதுதான். ஆற்றோர மண் இளகல், மேலே அத்தனை தண்ணீரின் பாரம், ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. "அப்ப தண்ணிதான் சாய்ச்சிருச்சா" என்றாள். ஆமாம், தவறணையில் குடித்தவன் மட்டும்தான் சாய்வான் என்று நினைத்தாயா என்றேன்.

இந்த லென்ஸில் சாய்வைக் காட்டுவது லேசு இல்லை. நல்ல லென்ஸ் என்றால் கடைத் தூண், ஜன்னல் சட்டம், விளக்குக் கம்பம் எல்லாம் நேராக நிற்கும். நடுவில் கோபுரம் மட்டும் சாயும். பார்க்கிறவருக்கு உடனே புரியும். பொம்மை லென்ஸோ ஓரத்தில் உள்ள நேர்க்கோட்டை நடுவை நோக்கி வளைக்கும். கடைத் தூண்கள் இடுப்பை ஒடித்துக்கொண்டு நிற்கும். எல்லாம் வளைந்தால் எது சாய்ந்தது என்று யாருக்குத் தெரியும்? நான் கண்ட வழி இதுதான்: கோபுரத்தோடு நேரான ஒன்றையும் படத்தின் நடுவட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். சதுக்கத்தில் விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன. ஒன்றை, கோபுரத்தின் நடு அடுக்குகளை ஒட்டித் தெரியும்படி, இரண்டு எட்டு இப்படி அப்படி நகர்ந்து பிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் (அல்லது மறுமாதிரி) ஒரு கீற்று வானம் தெரியும். அந்தக் கீற்றுதான் சாய்வு. மற்றதெல்லாம் கரையட்டும்.

எவ்வளவு தள்ளி நிற்பது? கோபுரத்தின் உயரம் 25.5 மீட்டர். கேமராவை நட்டமாகப் பிடித்து, மேலே தூக்காமல், மட்டமாக வைத்து எடுத்தால் உச்சி படத்துக்குள் வர 60 மீட்டர் தள்ளிப் போக வேண்டும், என் நடைக்கு எண்பது எட்டு. அப்போதும் கடிகாரம் மேல் விளிம்பில்தான் விழும், கலங்கிப்போய். கேமராவைத் தூக்கினால் 35 மீட்டரிலேயே முழுக் கோபுரமும் அடங்கும், நடு அடுக்குகள் தெளிவில் வரும். ஆனால் கம்பம், கடை எல்லாம் மேலே போகப் போக உள்நோக்கிச் சரியும். கோபுரத்தின் சாய்வோடு இந்தச் சரிவும் கலந்துவிடும். கோபுரத்தை நடுவில் வைத்து, அதை ஒட்டியே கம்பத்தையும் வைத்தால் கெடுதல் குறைவு. கடிகார முகம்தான் வேண்டும் என்றால் முழுக் கோபுரத்தை மறந்துவிட்டு, கிட்டே போய், மேல் இரண்டு அடுக்கை மட்டும் நடுவில் வைத்து எடுங்கள். எனக்குப் பிடித்த படங்கள் அப்படி எடுத்தவைதான்.

வெளிச்சம். நம் பக்கம் சூரியன் ஏழு மணிக்குமேல்தான் எட்டிப் பார்க்கும். எட்டிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம்: வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு கூரை விளிம்புக்கும் அடியில் நிழல் போடும், அடுக்குகள் பிரிந்து தெரியும். முழு வெயிலில் சாத்தே குச்சி ஓட்டைக்கு ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் உணர்திறன்) 400, ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இதிலிருந்து தொடங்குங்கள். வெளிர் நிறச் சுவர் சீக்கிரம் வெளுத்துப்போகும் என்பதால் ஒரு படி இருட்டாகவே எடுப்பது நல்லது. மதியம் ஒரு மணிக்கு எடுத்தால் பாஸ்போர்ட் படம்தான்; அதற்கு நான் கடையில் காசு வாங்குகிறேன். சூரியன் எதிரே இருந்தால் படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் ஆகும். கறுப்பு மணிலா அட்டையைச் சுருட்டி லென்ஸுக்கு முன்னால் மாட்டினால் பாதி குறையும்.

ஏர்கோன் கடையிலிருந்து நேரே வெளியே போகாதீர்கள். லென்ஸ் வேர்த்துவிடும். சட்டை நுனியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும். பத்து நிமிடம் அஞ்சடியில் நின்று ஒரு கோப்பி குடித்தால் தானே தெளியும். ஒருமுறை பொறுமையில்லாமல் வேர்த்தபடியே எடுத்தேன். கோபுரத்தைச் சுற்றி ஒளிவட்டம், சாமி படம் மாதிரி. அதை நான் அழிக்கவில்லை.

விளக்குப் போட்ட பிறகு பஞ்சிங் ஓட்டை. கோபுர விளக்குகள் ஒவ்வொன்றும் பூத்து, மூலையில் இருப்பவை வௌவால் சிறகு விரித்ததுபோல் நீளும். கேமராவை எதன்மேலாவது வைத்து எடுங்கள், கை தாங்காது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் இந்த வௌவாலையும், விளிம்பில் ஒட்டும் சிவப்பு நீலச் சாயத்தையும் திருத்த உட்காராதீர்கள். சாயம் உறுத்தினால் கறுப்பு வெள்ளை ஆக்கிவிடுங்கள், முடிந்தது. இன்னொன்று, லென்ஸைக் காரில் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். என் மூன்றாவது லென்ஸ் ஒரே மதியத்தில் அப்பளம் ஆனது. அதை அண்ணன் மகள் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகு ஒரு நாள் விளையாட்டாக ஒன்று செய்தேன். கேமராவையே சாய்த்து, கோபுரம் படத்தில் நேராக வரும்படி பிடித்து எடுத்தேன். அதைப் பெரிதாக அச்சுப் போட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். செம்பனைப் பழ லோரி ஓட்டும் தம்பி ஒருவர் லைசென்ஸ் நகல் எடுக்க வந்தார். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"கோபுரத்த நிமித்திட்டீங்களா அண்ணே?"

"ஆமா தம்பி."

"அது சரி," என்று படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். "என் லோரி ஏன் காவாயில விழப்போவுது?"